ஐந்தாவது ஃபவுல்

குன்னம்பட்டியில் அந்தக் கூடைப்பந்துக் காட்சி ஆட்டம் மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறேகாலுக்குத் தொடங்கியது, எட்டு மணிக்கு முடிந்திருக்க வேண்டும், எட்டரைக்கு விளையாட்டுக் கழகத் தலைவர் தனுஷ்கோடி வீட்டு மொட்டை மாடியில் விருந்தாளிகளுக்குப் பிரியாணி என்று ஏற்பாடு. ஆனால் நாற்பது நிமிட ஆட்டம் முடிந்து ரெஃப்ரி விசில் ஊதியபோது பலகையில் எழுபத்தொன்றுக்கு எழுபத்தொன்று என்று நின்றதால் விதிப்படி ஐந்து நிமிடம் கூட்டிக் கொடுத்தார்கள், அது முடிந்தபோது எண்பதுக்கு எண்பது என்று நின்றது, இன்னொரு ஐந்து கொடுத்தார்கள், எண்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு என்று நின்றது, இப்படிக் கொடுத்துக் கொடுத்து பிரியாணி ஊசிப்போய், ஞாயிறு பூசைக்கு மணி அடித்து, திங்கள் வந்து, மாசி போய்ப் பங்குனி பிறந்து, ஆட்டம் நாற்பத்தொன்றாவது நாளாக நடந்துகொண்டிருந்தது.

ஊரில் யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. நல்ல மேட்ச் என்றார்கள்.

சொல்லமாட்டார்களா பின்னே. குன்னம்பட்டி என்பது இட்லிக்கு மாவு இருக்கிறதோ இல்லையோ பந்துக்குக் காற்று இருக்கிறதா என்று பார்க்கிற ஊர். வருஷா வருஷம் கோப்பைக்கு நடக்கிற டோர்னமென்ட் வேறு. இது காட்சி ஆட்டம், கோப்பை கிடையாது, ஜெயித்தால் ஒரு பொன்னாடை, தோற்றால் அதே பொன்னாடை. கடல் கடந்து, சம்பளத்துக்கு ஆடுகிற பெண்கள் அணி ஒன்று உள்ளூர்ப் பெண்களோடு ஆட வந்திருந்தது. ஊரில் அவர்களை வெள்ளைக்கார டீம் என்றார்கள்; அதில் பாதிப் பேர் உள்ளூர்ப் பெண்களைவிடக் கருப்பு என்பதை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

எமல்டா கிழக்குக் கேலரியில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மைதானத்தில் ஏழாம் நம்பர் சட்டை போட்டு ஓடிக்கொண்டிருந்த பெனிட்டா அவள் பெற்ற ஒரே பிள்ளை, இருபத்திரண்டு வயசு. எமல்டாவுக்குப் பக்கத்தில், மூன்று இடத்துக்குத் துண்டு போட்டு முதல் நாளே பிடித்து வைத்திருந்த அவள் புருஷன் அருளப்பன், தொண்டை கட்டி, கட்டியது உடைந்து, இப்போது தகரத்தை இழுத்த மாதிரி ஒரு புதுக் குரலில் "விடாத பெனிட்டா, விடாத!" என்று நாற்பத்தொரு நாளாகக் கத்திக்கொண்டிருந்தான்.

எந்த அவஸ்தைக்கும் ஒரு வாரம் கொடுத்தால் அது வழக்கமாகிவிடும், குன்னம்பட்டி நான்கு நாள்தான் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு ஒருத்தர் சோறாக்க, மற்றவர்கள் கேலரியிலேயே கிடந்தார்கள். சாம்பல் புதன் வந்தபோது பாதர் வரிசை வரிசையாக ஏறி நெற்றியில் சாம்பல் பூசினார், ஜனங்கள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார்களே தவிர கண்ணை எடுக்கவில்லை. பங்குனித் தேர் மைதானத்து மதிலோரம் திரும்பி, அம்மனுக்கும் தெரியட்டும் என்று ஒரு முழு எக்ஸ்ட்ரா டைம் நின்று பார்த்துவிட்டுப் போனது. மேற்குக் கேலரியில் ஒரு பெண் பார்க்கும் சடங்கு நடந்தது, மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கவில்லை, பெண்ணும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, ஆனாலும் பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு வீட்டாரும் சொன்னார்கள். பலகையில் மூன்று இலக்கத்துக்குத்தான் தகடு இருந்தது. நாலாவது இலக்கத்துக்கு எண்ணெய் டின்னை வெட்டி மாட்டினார்கள், ஐந்தாவதுக்குச் சுவரில் கரியால் எழுதினார்கள். அப்பனுக்குக் கொள்ளி வைக்க எழுந்து போன கொத்தனார் சங்கிலி திரும்பி வந்தபோது அவன் இடத்தில் வேறொருத்தன் உட்கார்ந்திருந்தான். சங்கிலி விழுந்து புரண்டு அழுதான், அப்பனுக்கு அவன் அப்படி அழவில்லை என்று சுடுகாட்டுக்குப் போனவர்கள் சொன்னார்கள்.

தோற்றுத் தொலைக்கலாம் என்று ஆடுகிறவர்கள் நினைக்காமல் இல்லை. ஐந்தாம் நாள் விருந்தாளி டீமில் ஒரு பெண் வீறிட்டு அழுதுகொண்டே பந்தை வேண்டுமென்றே மதிலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்துக்கு எறிந்தாள், அது கிளையில் பட்டு, கிளிகளைக் கலைத்து, திரும்பி வந்து ரிங்குக்குள் சத்தமில்லாமல் இறங்கிச் சமமாக்கியது. ஒன்பதாம் நாள் நம் பிள்ளை ஒருத்தி தன் பக்கத்து ரிங்கிலேயே போட்டாள், போட்ட கையோடு எதிர்ப்பக்கத்தவளும் அதையே செய்தாள். அதன்பின் எல்லாரும் ஒழுங்காக ஆடினார்கள்.

முதல் வாரத்தில் பக்கத்துக்கு ஏழு பேர் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே போயிருந்தார்கள். ஒருத்தி ஐந்து தடவை எதிராளியை இடித்தாலோ கையைத் தட்டினாலோ அவள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், திரும்ப இறங்க முடியாது. அப்படிப் போனவர்கள் நான்கு நாள் தூங்கினார்கள், எழுந்து சோறு தின்றார்கள், குளித்தார்கள், கண்ணாடி பார்த்தார்கள், உயிரோடு இருந்தார்கள். ஊர் அவர்களை மறந்துவிட்டது. எமல்டாவின் கண்ணில் பட்டது அவர்கள் மட்டும்தான்.

மிச்சமிருந்த பத்துப் பேருக்கும் ஆளுக்கு நான்கு ஃபவுல். ஒரே ஒரு தப்பு பாக்கி. அதனால் அவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் படாமல் ஆடப் பழகியிருந்தார்கள், முழங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு வெற்றிலை நுழைகிற இடைவெளி விட்டு, மூச்சுக்காற்றுகூட அடுத்தவள் கழுத்தில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தண்ணீருக்குள் மீன் திரும்புகிற மாதிரி. என்ன அழகு, என்ன அழகு என்று கேலரி உருகியது. எமல்டாவுக்கு அழகு தெரியவில்லை. மகளுடைய கால் முட்டி கரும்புக் கணு மாதிரித் துருத்தியிருப்பதும், ஷூவின் வாய் வழியாக ரத்தம் கசிந்து காய்ந்து மறுபடி கசிவதும், இரண்டு சடை போட்ட தலையில் ஒரு சடைக்குக்கூட முடி இல்லாததும் தெரிந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டாம் வரிசையிலிருந்து திரும்பி, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "உங்க பொண்ணு இதயம் இன்னும் ஒரு வாரம் தாங்காதும்மா. அபாரமான ஆட்டம்."

ஊரே மாதாவிடமும் மாரியிடமும் வெற்றி கேட்டுக்கொண்டிருக்க, எமல்டா அந்தோணியாரிடம் ஒரு ஃபவுல் கேட்டாள்.

சாமியை நம்பிச் சும்மா இருக்கிற ஜாதி அல்ல அவள். முதலில் தனுஷ்கோடியிடம் போனாள். அவர் அதிகாரிகள் மேசையில், பொன்னாடைப் பெட்டியின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இது காட்சி ஆட்டம்தான? ரெண்டும் சமம்னு மைக்குல சொல்லி, ரெண்டு பக்கத்துக்கும் அந்தத் துணியப் போத்தி அனுப்பி விடுங்க."

"கூடைப்பந்துல சமம்ங்கிற பேச்சே கிடையாதும்மா. ரூல் புக்ல இல்ல."

"நாப்பத்தியோரு நாள் ஆடணும்னு ரூல் புக்ல இருக்கா?"

"ஆடக்கூடாதுன்னும் இல்லையே."

"அந்தப் பிள்ளைகளாவது ஊருக்குப் போய்ச் சேர வேணாமா? அதுகளக் கூட்டிட்டு வந்த மேனேஜர் எங்க?"

"அவரு மூணாம் நாளே ஃபிளைட் ஏறிட்டாரு. ஆட்டம் முடிஞ்சதும்தான் பிளேயர்ஸுக்கு டிக்கெட்டுன்னு ஒப்பந்தத்துல இருக்காம். நாம என்ன பண்ண முடியும்? நம்ம ஊருக்கு இவ்வளவு பெரிய பேரு எப்பம்மா வந்துச்சு? உன் மகதான் நடு நாயகம். பெத்த வயிறு குளிர வேணாமா?"

"என் வயிறு குளிருறது இருக்கட்டும். உங்க மகள இறக்கி விடுங்க, உங்க வயிறு குளிரட்டும்."

"எம்மக டென்னிஸ்ல," என்றார் தனுஷ்கோடி.

மூன்றாம் வரிசையிலிருந்து அருளப்பனின் தகரக் குரல் வந்தது. "ஏய் எமல்டா! வந்து உக்காரு, மறைக்குது!"

இரண்டு எக்ஸ்ட்ரா டைமுக்கு நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு உண்டு. அந்த இரண்டு நிமிடத்தில்தான் பத்துப் பேரும் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், கனவு கண்டார்கள், எழுந்தார்கள். எமல்டா அந்த நேரத்தில் போய் மகள் வாயில் கஞ்சியை ஊற்றி, முட்டியில் விளக்கெண்ணெய் தேய்ப்பாள். அன்று கஞ்சியை ஊற்றவில்லை.

"பாப்பா, இந்த ஆட்டத்துல அந்த நெட்டைச்சிய ஒரு இடி இடிச்சிரு. சும்மா தோள்ல. நம்ம வீட்டுக்குப் போயிரலாம்."

பெனிட்டா கண்ணைத் திறக்கவில்லை. "நான் போனா நாலு பேரும்மா. தோத்துருவோம்."

"தோத்தா முடிஞ்சிரும்ல!"

"யாரால தோத்தோம்னு கேப்பாங்க. அம்பது வருசம் கழிச்சும் கேப்பாங்க. என் பேரத்தான் சொல்லுவாங்க."

"அம்பது வருசம் நீ இருக்கணும்ல, கேக்குறதுக்கு?"

"அப்பாவப் பாரும்மா," என்றாள் பெனிட்டா, இப்போது கண்ணைத் திறந்து, கேலரியைப் பார்த்து. அருளப்பன் இரண்டு கையையும் தூக்கி நின்றான். "நான் பத்தாவது பெயிலானப்போ ஆறு மாசம் எங்கிட்ட பேசல. இப்பப் பாரு, வாய மூடவே மாட்டேங்குறாரு."

ஓய்வு முடிந்து மணி அடித்தது.

எமல்டா அந்த ஐந்து நிமிடத்தையும் மைதானத்தின் ஓரத்திலேயே நின்று கழித்தாள். அடுத்த ஓய்வு வந்ததும் யாரும் நாற்பத்தொரு நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். அங்கே பதினோராம் நம்பர், ஆறடி மூன்று அங்குலம், தரையில் காலை நீட்டி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெனிட்டாவை எதிர்த்து ஆடுகிறவள் அவள்தான். எமல்டா அவள் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். கான்வென்ட்டில் சிஸ்டர் ஃபிலோமி அடி ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டித் தட்டி ஏற்றிவிட்ட இங்கிலீஷ், கல்யாணத்துக்குப் பிறகு கேஸ் சிலிண்டர் புத்தகம் படிப்பதற்கு மேல் உதவாத இங்கிலீஷ், இலக்கணம் பிசகாமல் வெளியே வந்தது.

"நீ கீழே விழ வேண்டும். என் மகள் உன் பக்கத்தில் வரும்போது. அவள் இடித்த மாதிரி."

பதினோராம் நம்பர் துண்டை விலக்கினாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. "எனக்கும் நான்கு இருக்கிறது," என்றாள். "உன் மகளை விழச் சொல். நான் வெளியே போகிறேன்."

"அவள் விழமாட்டாள். அவளை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. உன்னை இங்கே யாரும் பார்க்கவில்லை."

சொன்ன பிறகுதான் சொன்னது எவ்வளவு கொடூரம் என்று எமல்டாவுக்கு உறைத்தது. ஆனால் அவள் வாயிலிருந்து போனதைத் திரும்பக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லை. பதினோராம் நம்பர் கோபப்படவில்லை. கேலரியைப் பார்த்தாள், வரிசை வரிசையாக மூவாயிரம் முகம், ஒன்றுகூடத் தன் பக்கம் திரும்பாததைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

"விழுந்தால் எவ்வளவு நேரம் படுத்திருக்கலாம்?" என்று கேட்டாள்.

"உனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு," என்றாள் எமல்டா.

அவள் பேர் என்ன என்று கேட்கவில்லை. நேரம் இருந்தது, கேட்டிருக்கலாம்.

வெயில் நேரே இறங்கிய மத்தியானம் அது. பெனிட்டா இடது பக்கமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள், பதினோராம் நம்பர் எதிரே வந்து நின்றாள், பெனிட்டா வழக்கம்போல ஒரு வெற்றிலை அளவு விட்டுத் திரும்பினாள், பதினோராம் நம்பர் அந்த வெற்றிலை அளவு காற்றால் இடிக்கப்பட்டவளைப்போலக் கைகளை விரித்துப் பின்பக்கமாக, நெட்டைப் பனை சாய்கிற மாதிரி, அவசரமே இல்லாமல் விழுந்தாள். ரெஃப்ரியின் விசில் நாற்பது நாளாக இந்த ஒன்றுக்கு ஊதாமல் வைத்திருந்த மாதிரி நீளமாக ஊதியது. அவர் ஐந்து விரலையும் விரித்துப் பெனிட்டாவை நோக்கிக் காட்டினார்.

"நான் தொடவே இல்ல சார்!" என்று பெனிட்டா அலறினாள். "சார், மேல படவே இல்ல!"

கேலரி தலையில் கை வைத்தது. எமல்டா மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு, தூக்குவாளியை மூடி, செருப்பை மாட்டினாள், வீட்டுக்குப் போகிறவளைப்போல.

பதினோராம் நம்பர் எழுந்திருக்கவில்லை. ரெஃப்ரி குனிந்து கூப்பிட்டார். அவளுடைய டீமின் நாலு பேரும் வந்து கூப்பிட்டார்கள். டாக்டர் இரண்டாம் வரிசையிலிருந்து இறங்கி வந்து மணிக்கட்டைப் பிடித்தார், கழுத்தைத் தொட்டார், நிமிர்ந்தார், தன் இடம் போய்விடுமோ என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார், பிறகு தலையை அசைத்தார்.

குன்னம்பட்டி மரியாதை தெரிந்த ஊர். கேலரியே எழுந்து நின்றது. ஒரு நிமிடம் மௌனம் என்று மைக்கில் சொன்னார்கள், அறுபது விநாடியும் அப்பழுக்கில்லாமல் மௌனமாக இருந்தார்கள். பேரை அறிவிப்பதற்கு ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துத் தனுஷ்கோடி எழுத்துக்கூட்டி வாசித்தார், தப்பாக வாசித்தார். பூக்காரிகள் மாலை கொண்டுவந்து போட்டார்கள், பொன்னாடைப் பெட்டியைத் திறந்து முதல் பொன்னாடையை அவளுக்குப் போர்த்தினார்கள், அவள் நீளத்துக்கு அது எட்டாததால் இரண்டாவதையும் போர்த்தினார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். வியர்வையோடு கழற்றிய சட்டையை மட்டும் மடித்து அதிகாரிகள் மேசையில் வைத்தார்கள்.

எமல்டா மகள் கையைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் எலும்புதான் இருந்தது. "வா பாப்பா."

பெனிட்டா வந்தாள். வாசல் கேட்டு வரைக்கும் வந்தாள். கேலரியில் யாரும் திட்டவில்லை, கல்லெறியவில்லை, வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார்கள், அருளப்பன் தலையைக் குனிந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கேட்டில் அவள் நின்றாள்.

"அவகிட்ட என்னம்மா பேசின?"

எமல்டா ஒரு பொய் தேடினாள். வாழ்க்கையில் ஒரு பதிலுக்கும் தேடியவள் இல்லை. கறிக்கடையிலும் மாமியாரிடமும் பாதரிடமும் பதில் அவள் நாக்கு நுனியிலேயே இருக்கும். அன்று இல்லை.

"கீழ விழச் சொன்னேன்."

பெனிட்டா கையை விடுவித்துக்கொண்டாள். உதறவில்லை, விரல் விரலாக எடுத்தாள்.

"செத்துப் போயிட்டாம்மா."

"நீ செத்துருவடி! டாக்டர் சொன்னாரு, ஒரு வாரம்னு சொன்னாரு! எனக்கு நீதான் தெரிஞ்ச, வேற யாரும் தெரியல."

"தெரியுது," என்றாள் பெனிட்டா. "அவ இடத்துல யாராச்சும் நிக்கணும்ல."

அவள் திரும்பி நடந்தாள், நொண்டிக்கொண்டு, அதிகாரிகள் மேசைக்கு. எமல்டா பின்னால் ஓடினாள், வாளி கையிலிருந்து விழுந்து கஞ்சி கொட்டியது. பெனிட்டா மேசையில் மடித்திருந்த பதினோராம் நம்பர் சட்டையை எடுத்து, தன் ஏழாம் நம்பருக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தனுஷ்கோடி முதலில் திகைத்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு நிம்மதி பரவியது, நெஞ்சில் பாரமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்ட மாதிரி.

"நாம நாலு பேரா ஆடிக்கலாம்," என்றார். "விருந்தாளி பக்கம் ஆள் குறையக்கூடாது. அது ஊருக்குக் கேவலம்."

"அண்ணே!" என்று எமல்டா மேசையை அறைந்தாள். "அஞ்சு ஃபவுல் வாங்கினவ திரும்ப எறங்கக் கூடாது! இது ரூல் புக்ல இருக்கு! எடுங்க, எடுத்துப் படிங்க!"

"காட்சி ஆட்டம்தானம்மா," என்றார் தனுஷ்கோடி அன்பாக. "இதுக்கெல்லாமா ரூல் பாக்குறது?"

ஸ்கோர் எழுதுகிறவர் விருந்தாளி டீமின் பக்கத்தில் அடியில் ஒரு புதுக் கோடு போட்டார். பதினொன்று என்று எழுதினார், பெனிட்டா என்று எழுதினார். பேருக்கு நேரே, ஃபவுல் குறிப்பதற்கான ஐந்து கட்டமும் வெறுமையாக இருந்தது.

நாலு பேர் சேர்ந்து எமல்டாவைக் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார்கள், யாரும் முரட்டுத்தனம் காட்டவில்லை. ரெஃப்ரி பந்தைக் கொடுத்தார். விசில் ஊதியது. பதினோராம் நம்பர் கைக்கு முதல் பந்து வந்ததும் கேலரியிலிருந்து மூவாயிரம் தொண்டை ஒரே சமயத்தில் "ஊ" என்று ஊளையிட்டது, எதிராளிக்கு எப்போதும் போடுகிற அதே ஊளை, அதில் தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே தனியாகக் கேட்டது.

தெற்கு ஓரத்தில் விருந்தாளி டீமின் ரசிகர்களுக்கென்று கயிறு கட்டி ஒதுக்கிய இரண்டு பெஞ்சு இருந்தது. கடல் தாண்டி எந்த ரசிகர் வரப்போகிறார், அதனால் ஒருத்தரும் அதில் உட்கார்ந்ததில்லை, பலகையில் வேப்பம்பூவும் கிளியெச்சமும் காய்ந்து கிடந்தன. எமல்டா கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். முந்தானையால் ஒரு ஆள் அளவுக்குத் துடைத்தாள். உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நின்று, வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, ஊளைக்கு எதிராக, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள்.

"இடிடி பாப்பா! இன்னும் அஞ்சுதாண்டி! இடி!"